‘ஆன் தி கார்னர்’ கேட்டவர்கள் ஏன் இன்றும் இரண்டு கட்சி?

1972 அக்டோபரில் கொலம்பியா நிறுவனம் மைல்ஸ் டேவிஸின் ‘ஆன் தி கார்னர்’ இசைத்தட்டை வெளியிட்டது. ட்ரம்பெட் கலைஞரான அவர் ஜாஸ் உலகின் பெரிய பெயர். கூடவே வாசித்தவர்களும் சாதாரணமானவர்கள் இல்லை. இருந்தும் ஜாஸ் விமர்சகர்களில் பலர் அதைக் கழுவி ஊற்றினார்கள். வடிவம் இல்லை, உள்ளடக்கம் இல்லை, ஒரே அடி திரும்பத் திரும்ப என்றார்கள். ராக் பத்திரிகைப் பக்கமிருந்து வந்த ரால்ஃப் க்ளீசன் போன்ற சிலர் மட்டும் தெருவின் ஓசையை அதில் கேட்டுப் பாராட்டினார்கள். 50 ஆண்டு தாண்டியும் வழக்கு முடியவில்லை. இன்று முதல் தடவை கேட்கிறவரும் பத்தே நிமிடத்தில் ஏதாவது ஒரு கட்சியில் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

ஜாஸையும் ஃபங்கையும் கலந்து சோதனை செய்யும் தட்டு எது வந்தாலும் இதே பிளவுதான். இதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில், ‘சிலருக்குப் புரிந்தது, சிலருக்குப் புரியவில்லை’ என்பது. இது சோம்பேறிப் பதில். புரிந்துகொண்டே வெறுத்தவர்கள் உண்டு. ஒன்றும் புரியாமல் ஆடியவர்களும் உண்டு. உண்மைக் காரணம் அந்தத் தட்டு செய்யப்பட்ட முறையிலேயே இருக்கிறது. அதைப் பார்க்க முதலில் இரண்டு சொற்கள் தெளிவாக வேண்டும்.

ஜாஸ் நகரும், ஃபங்க் நிற்கும்

1940, 50களில் உருப்பெற்ற ஜாஸில் ஒரு மெட்டு இருக்கும். மெட்டுக்கு அடியில் கார்டுகளின் (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளின்) வரிசை ஒன்று ஓடும். பெரும்பாலும் 32 அளவு (bar, நம் ஆவர்த்தனம் போன்றது) கொண்ட ஒரு சுற்று. மெட்டை ஒருமுறை வாசித்ததும் ஒவ்வொரு கலைஞராக அந்தச் சுற்றின்மேல் தம் கற்பனையை வாசிப்பார்கள். கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். பழகிய ரசிகருக்குச் சுற்றின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது எப்போதும் தெரியும். பாடகர் எங்கெங்கோ சஞ்சரித்துவிட்டுச் சரியாக எடுப்பில் வந்து நிற்கும்போது சபையில் தலைகள் ஆடுகின்றன அல்லவா, அந்தச் சுகம்தான் இங்கும். தூரம் போவதும் வீடு திரும்புவதுமே விளையாட்டு.

இந்த நகர்வைக் குறைத்தவர்களில் முதன்மையானவர் மைல்ஸ்தான். 1959இன் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் கார்டுகள் நொடிக்கு நொடி மாறுவதில்லை, ஒரே ஸ்வரத் தொகுதியில் நின்று நிதானமாக வாசிக்கலாம். ‘ஸோ வாட்’ என்ற பாடலின் 32 அளவுச் சுற்று முழுவதற்கும் இரண்டே தொகுதிகள். மெட்டும் சுற்றும் மட்டும் அப்படியே இருந்தன.

ஃபங்க் வேறு ஊர். 1960களின் பிற்பாதியில் ஜேம்ஸ் பிரவுனும் அவருடைய குழுவினரும் கட்டிய முறை அது. அங்கே எல்லாம் முதல் அடியில், நம் சொல்லில் சமத்தில், வந்து விழும். கார்டு கிட்டத்தட்ட மாறவே மாறாது. கிட்டார், பேஸ் (தாழ்ந்த ஸ்வரங்களுக்கான கிட்டார்), ட்ரம்பெட், பாடகரின் குரல் எல்லாமே மேளமாகிவிடும். ஒவ்வொருவரும் ஒரு சிறு துண்டை மட்டும் வாசித்து, மற்றவருக்கு இடைவெளி விட்டு, அதையே திரும்ப வாசிப்பார். துண்டுகள் ஒன்றோடொன்று பல்சக்கரம்போல் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டுதான் ‘க்ரூவ்’. க்ரூவ் எங்கும் போக வேண்டியதில்லை. நின்ற இடத்தில் சுழன்றால் போதும்.

இப்போது சிக்கல் தெரியும். நகர்வதில் சுகம் காணும் இசையையும் நிற்பதில் சுகம் காணும் இசையையும் சேர்த்தால், தனியாக வாசிக்க எழுகிற கலைஞன் எங்கே போவான்? தரையே அசையாதபோது அவன் பயணம் எதன்மேல்? ஜாஸ் ஃபங்க் தட்டுகள் எல்லாமே இந்தக் கேள்விக்கான பதில்கள்தான். பெரும்பாலானவை சமரசம் செய்துகொண்டன. ‘ஆன் தி கார்னர்’ அதைச் செய்யவில்லை.

இரண்டு எதிர்த்திசையிலிருந்து வந்த சரக்கு

1972 ஜூனில் மைல்ஸுக்கு 46 வயது. 1970இல் வந்த ‘பிட்சஸ் ப்ரூ’ ராக் கேட்கும் வெள்ளை இளைஞர்களிடம் நன்றாக விற்றிருந்தது. ஃபில்மோர் போன்ற ராக் அரங்குகளில் வாசித்தும் ஆயிற்று. கறுப்பின இளைஞர்கள் கேட்டதோ ஃபங்க் பாடகர்களான ஜேம்ஸ் பிரவுனையும் ஸ்லை ஸ்டோனையும். தன் இனத்துப் பிள்ளைகள் தன்னைக் கேட்பதில்லை என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது; பின்னாளில் தன் சுயசரிதையில் வெளிப்படையாகவே சொன்னார். ‘ஆன் தி கார்னர்’ அவர்களுக்காகச் செய்யப்பட்டது. உறையில் கார்க்கி மெக்காய் வரைந்த தெருமுனை மனிதர்களின் கேலிச்சித்திரம் இருப்பதும் அதனால்தான்.

இது ஒரு திசை. மறு திசையிலிருந்து வந்தவர் பால் பக்மாஸ்டர். லண்டன்காரர், செல்லோ கலைஞர், டேவிட் போவியின் ‘ஸ்பேஸ் ஆடிட்டி’க்கு இசைக்கோப்பு செய்தவர். மைல்ஸ் அழைத்து நியூயார்க் வந்தவர், ஜெர்மானிய இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனின் தட்டுகளை அவருக்கு அறிமுகப்படுத்தினார். மின்கருவிகளும் ஒலிநாடாவும் கொண்டு ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட இசை அது. பாமரர் ஆடுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இசை என்பது தொடக்கமும் முடிவும் உள்ள பொருள் அல்ல, நடந்துகொண்டே இருக்கும் ஒரு செயல். ஒலிகளைச் சேர்க்கலாம், கழிக்கலாம். இந்த எண்ணம் மைல்ஸைப் பிடித்துக்கொண்டது.

ஆகத் தெருமுனை நடனமும் ஜெர்மன் ஆய்வுக்கூடமும் ஒரே தட்டில். எந்தக் கடையின் எந்த அலமாரியில் வைப்பது?

ஒலிப்பதிவுக்கூடத்தில் நடந்தது

பதிவு 1972 ஜூன் 1, ஜூன் 6, ஜூலை 7 ஆகிய நாட்களில் நியூயார்க்கில் நடந்தது. ஒரே அமர்வில் மூவர் கீபோர்டில்: ஹெர்பி ஹான்காக், சிக் கொரியா, ஹெரால்ட் வில்லியம்ஸ். மூவருமே முன்வரிசையில் உட்கார வேண்டியவர்கள். இங்கே மூவரும் பின்னணிச் சலசலப்பு. ட்ரம்ஸில் ஜாக் டிஜானெட் முதலானவர்கள், காங்கா மேளத்தில் ம்டூமே, கிட்டாரில் ஜான் மெக்லாஃப்லின், பேஸ் கிளாரினெட்டில் பென்னி மாப்பின். எல்லாரையும் கட்டி நிறுத்திய ஆணிவேர் மைக்கேல் ஹெண்டர்சனின் பேஸ் கிட்டார். அவர் ஜாஸிலிருந்து வந்தவர் அல்லர். மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனப் பாடகர் ஸ்டீவி வொண்டரின் குழுவில் வாசித்தவர். ஒரே துண்டைச் சலிக்காமல் இருபது நிமிடம் வாசிக்க ஜாஸ் பேஸ் கலைஞர்களுக்குக் கை வராது. அவருக்கு வந்தது.

தபலா வாசித்தவர் பாதல் ராய். இன்றைய வங்கதேசத்தின் கொமில்லாவில் பிறந்தவர். புள்ளியியல் படிக்க நியூயார்க் போய், உணவகத்தில் வேலை பார்த்தபடி வாசித்துக்கொண்டிருந்தவர். சிதாரில் ரவிசங்கரிடம் கற்ற அமெரிக்கர் கோலின் வால்காட்; சில பகுதிகளில் கலீல் பாலகிருஷ்ணாவின் மின் சிதார். இதைப் பார்த்துவிட்டு ராகத்தையும் தாளக் கணக்கையும் எதிர்பார்த்துப் போகிற நம்மவர் ஏமாந்துதான் திரும்புவார். தபலா இங்கே தீன்தால் என்ற இந்துஸ்தானி தாளத்தைப் பேசவில்லை. மேளக் கூட்டத்தில் இன்னொரு குரல், அவ்வளவே. சிதாருக்குத் தம்புராவின் வேலைகூட முழுசாகத் தரப்படவில்லை. ஒரு நிறம்போல வந்து போகிறது. இந்திய இசையோடு நேர்மையாக உட்கார்ந்து பேசும் முயற்சியை வேண்டுகிறவர், இதே மெக்லாஃப்லின் சில ஆண்டுகள் கழித்து எல். சங்கர், விக்கு விநாயக்ராம், ஜாகிர் உசேன் ஆகியோருடன் கூடிய ‘சக்தி’ குழுவைக் கேட்கலாம். அது வேறு கதை.

இந்தத் தட்டின் ரகசியம் எனக்குப் பிடிபட்டது டேவ் லீப்மன் சொன்ன அனுபவத்தால். இளம் சாக்ஸஃபோன் கலைஞரான அவர் மருத்துவரிடம் போயிருந்தபோது செய்தி வந்து, ஓட்டமாய் ஓடி வந்தார். பதிவு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. மின்வாத்தியங்கள் நேராகப் பதிவு மேசைக்குக் கம்பி வழியே போய்க்கொண்டிருந்தன. ஹெட்ஃபோன் மாட்டினால்தான் கேட்கும். அவருக்கு ஹெட்ஃபோன் கிடைக்கவில்லை. காதில் விழுந்ததெல்லாம் மேளங்களும் கீபோர்டு கட்டைகள் தட்டப்படும் சத்தமும்தான். எந்த ஸ்வரத்தில் இருக்கிறோம் என்று தெரியாமலேயே மைக் முன்னால் போய் வாசித்தார். அது தட்டில் இருக்கிறது.

வாசித்தவருக்கே தரை தெரியவில்லை என்றால் கேட்பவர் தடுமாறுவதில் என்ன வியப்பு?

இதற்கெல்லாம் பிறகு டியோ மசேரோ வருகிறார். மைல்ஸின் தயாரிப்பாளர். காந்த நாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டி வடிவம் தருவதில் கை தேர்ந்தவர். 1969இன் ‘இன் எ சைலண்ட் வே’யில் தொடக்கத்தில் வந்த பகுதியையே நகலெடுத்துக் கடைசியிலும் ஒட்டி, வீடு திரும்பும் உணர்வை உண்டாக்கியவர் அவர். ‘ஆன் தி கார்னர்’ பதிவிலும் வெட்டினார், ஒட்டினார், மேலே ஒலிகளைப் பூசினார். ‘ப்ளாக் சாட்டின்’ என்ற இசைத் துண்டில் வரும் கைதட்டலும் விசிலும் மணியோசையும் பின்னால் ஜூலையில் சேர்த்தவை. ஆனால் வீடு திரும்பும் வேலையை மட்டும் இந்த முறை யாரும் செய்யவில்லை.

கழற்றி எறியப்பட்ட கைப்பிடிகள்

புதிய இசைக்குள் நுழைகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். இந்தத் தட்டில் வழக்கமான நான்கு கைப்பிடிகள் இல்லை.

1. வாசல் இல்லை. முதல் துண்டு திடுமென நடுவிலிருந்து தொடங்குகிறது. ஓடும் பேருந்தில் ஏறியதுபோல. நான்கு தலைப்புகள் கொண்ட அந்தத் துண்டு இடைவெளியே இல்லாமல் ஏறக்குறைய 20 நிமிடம் ஓடுகிறது. ஒரு தலைப்பு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்கியது என்று கைவைத்துக் காட்டுவது கடினம்.

2. நாயகன் இல்லை. மைல்ஸின் ட்ரம்பெட் ஒலி உலகம் அறிந்தது: மெலிந்த, தனிமையான ஒற்றைக் குரல். இங்கே அவர் ட்ரம்பெட்டை மின்னொலியாக்கி, கிட்டார்காரர்கள் காலால் மிதிக்கும் வா-வா பெடல் வழியே அனுப்புகிறார். ட்ரம்பெட் கிட்டாராகிறது, சில இடங்களில் முனகலாகிறது. நீண்ட நேரம் அவர் வருவதே இல்லை. ரஜினி படத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் துணை நடிகர்களையே பார்த்தவனின் மனநிலையில் இருந்தார்கள் பழைய ரசிகர்கள்.

3. பயணம் இல்லை. கார்டு மாறுவதில்லை; மெட்டு என்று முணுமுணுக்க ‘ப்ளாக் சாட்டின்’ தவிர வேறில்லை. இரண்டாம் பக்கத்தில் வரும் ‘ஒன் அண்ட் ஒன்’, ‘ஹெலன் பட்’ இரண்டும் ‘ப்ளாக் சாட்டின்’ பேஸ் துண்டின்மேலேயே நடக்கின்றன. அதாவது ஏறத்தாழ 54 நிமிடத் தட்டில் பெரும்பகுதி இரண்டே தரைகள்மேல்.

4. பெயர் இல்லை. முதல் பதிப்பின் உறையில் வாசித்தவர்கள் பெயரே அச்சிடப்படவில்லை. எது எந்த வாத்தியம் என்று விமர்சகர்களே தேடிக்கொள்ளட்டும் என்பது மைல்ஸ் பின்னால் சொன்ன காரணம். ஜாஸ் ரசிகருக்குப் பெயர்ப் பட்டியல்தான் பாதி ரசனை. ‘இது கொரியாவா, ஹான்காக்கா’ என்று வாதிட முடியாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

நான்கில் முதல் மூன்றை அழகியல் தேர்வு என்று மதிக்கலாம். நான்காவது எனக்கு வீம்பாகவே படுகிறது. பாதல் ராய் போன்றவர்களுக்கு அந்த உறையில் ஒரு வரி கிடைத்திருந்தால் வாழ்க்கை சற்று எளிதாகியிருக்கும்.

யார் எதைத் தேடிப் போனார்கள்?

ஜாஸ் விமர்சகர் பயணத்தைத் தேடினார். அது இல்லாததால் ‘வடிவம் இல்லை’ என்றார். அவர் பார்வையில் அது சரியான கூற்றே. வடிவம் என்று அவர் அழைத்த பொருள் அங்கே இல்லைதான். ‘பிட்சஸ் ப்ரூ’ வழியே வந்த ராக் ரசிகர் கிட்டாரின் உச்சக்கட்டத்துக்குக் காத்திருந்தார், அதுவும் வரவில்லை.

கதையின் வேடிக்கை மூன்றாம் கூட்டத்தில் இருக்கிறது: எவருக்காகத் தட்டு செய்யப்பட்டதோ அந்தக் கறுப்பின இளைஞர்கள். ஃபங்க் ரசிகருக்கு நகர்வு தேவையில்லை என்றேன். அப்படியானால் இது அவர்களுக்கு இனித்திருக்க வேண்டுமே? இரண்டு தடைகள். ஜேம்ஸ் பிரவுனின் க்ரூவில் இடைவெளிகள் சுத்தமாக இருக்கும்; ஒவ்வொரு துண்டும் தனியாகக் காதில் விழும், சமம் எங்கே என்று காலுக்குத் தெரியும். ‘ஆன் தி கார்னர்’ இசையில் அந்த இடைவெளிகளையெல்லாம் காங்காவும் தபலாவும் மூன்று கீபோர்டும் அடைத்துவிடுகின்றன. ஆட இடம் இருக்கிறது, ஆனால் முண்டியடித்துக்கொண்டு ஆட வேண்டும். பாடும் குரலும் இல்லை. கூடச் சேர்ந்து கத்த ஒரு வரி கிடையாது.

இரண்டாவது தடை வியாபாரம். கொலம்பியா இதை ஜாஸ் தட்டாகவே விற்றது என்பது மைல்ஸின் நெடுநாள் புகார். அது பாதி நியாயம். இருபது நிமிடத் துண்டை எந்த ஃபங்க் வானொலி போடும்? போதாக்குறைக்கு அதே அக்டோபரில் மைல்ஸ் தன் காரை மோதி இரண்டு கணுக்கால்களையும் உடைத்துக்கொண்டார். ஊர் ஊராகப் போய் வாசித்துத் தட்டைத் தூக்கி நிறுத்த வேண்டிய நேரத்தில் படுக்கை.

ஓராண்டு கழித்து வந்த எதிர்ச்சான்று

‘இந்தக் கலவையே மக்களுக்கு ஆகாது’ என்று சொல்ல முடியாது. 1973 அக்டோபரில் அதே கொலம்பியாவிலிருந்து ஹெர்பி ஹான்காக்கின் ‘ஹெட் ஹன்டர்ஸ்’ வந்தது. ‘ஆன் தி கார்னர்’ பதிவில் இருந்த ஹான்காக், அதே பென்னி மாப்பின், அதே ஸ்லை ஸ்டோன் பாதிப்பு. ஒரு துண்டுக்குப் பெயரே ‘ஸ்லை’. ஜாஸ் வரலாற்றில் மிக அதிகம் விற்ற தட்டுகளில் ஒன்றாயிற்று.

வேறுபாடு கைப்பிடிகளில். ‘கமீலியன்’ துண்டைக் கேளுங்கள். முதலில் சிந்தசைசரில் பேஸ் துண்டு மட்டும் தனியாக வருகிறது. யார் வேண்டுமானாலும் முணுமுணுக்கலாம். பிறகு ட்ரம்ஸ், பிறகு கிட்டார் போன்றதொரு ஒலி என ஒவ்வொன்றாக வாசலில் நின்று அறிமுகமாகிவிட்டு உள்ளே வருகின்றன. மெட்டு வருகிறது, தனி வாசிப்பு வருகிறது, நடுவில் தரையே மாறி வேறு நிறம் கொள்கிறது. அதுவும் கால்மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற துண்டுதான். நீளம் குற்றமில்லை, கேட்பவருக்கு வழி காட்டியிருக்கிறார்கள்.

இதனால் ‘ஹெட் ஹன்டர்ஸ்’ தரம் குறைந்தது என்று முகம் சுளிக்கும் மேதைகள் உண்டு. அந்தக் கட்சியில் நான் இல்லை. அதே சமயம், பத்தாவது தடவை கேட்கும்போது ‘கமீலியன்’ துண்டில் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. ‘ஆன் தி கார்னர்’ முதல் துண்டில் கிடைக்கிறது. அடைத்து நிரப்பிய அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் வேறொருவரைப் பின்தொடரலாம்.

காது மாறிய கதை

1980களிலிருந்து தட்டின் மதிப்பு மெல்ல ஏறியது. பழைய தட்டுகளிலிருந்து சில விநாடிகளை வெட்டிச் சுழல விட்டு ஹிப் ஹாப் இசை செய்யப்பட்டபோது, ‘ஒரே துண்டு திரும்பத் திரும்ப’ என்பது குறையாக இல்லாமல் இலக்கணமாகிவிட்டது. டெக்னோ, ட்ரம் அண்ட் பேஸ் என்ற மின்னணு நடன இசைகள் வந்தபின், தொடக்கம் முடிவு இல்லாத இசை சனிக்கிழமை இரவுச் சமாச்சாரம். மசேரோவின் பிளேடு செய்ததைக் கணினியில் பள்ளிப் பிள்ளைகள் செய்தார்கள். 2007இல் அந்தக் காலப் பதிவுகளைத் திரட்டி 6 குறுந்தகடுகள் கொண்ட பெட்டி வெளிவந்தது.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு எளிதில் போய்விடலாம்: அன்றைய விமர்சகர்கள் முட்டாள்கள், இன்றைய நாம் அறிவாளிகள் என்று. அப்படி இல்லை. இடையில் வந்த இசைகள் நமக்கு வேறு கைப்பிடிகளைத் தந்தன, அவ்வளவுதான். 1972இல் அவை யாரிடமும் இல்லை. யோசனை கொடுத்த பக்மாஸ்டரே இறுதி வடிவத்தை விரும்பவில்லை. ஸ்டான்லி க்ரௌச் போன்ற விமர்சகர்கள் மைல்ஸின் மின்வாத்தியக் காலம் முழுவதையும் கடைசிவரை ஏற்கவில்லை. காது கேளாமல் அல்ல, ஜாஸ் எதைக் காக்க வேண்டும் என்பதில் உறுதியான கருத்து இருந்ததால்.

மீட்டெடுத்தவர்களும் ஒரு விஷயத்தைப் பேசாமல் தாண்டிவிடுகிறார்கள்: இரண்டாம் பக்கம். 23 நிமிடம் ஓடும் கடைசித் துண்டில், பாதிக்கு மேல் கலைஞர்கள் எதையோ தேடிக்கொண்டிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. ‘தீர்க்கதரிசனம்’ என்ற பட்டம் இதற்கும் சேர்த்துத் தரப்படுகிறது. முதல் பக்கத்தின் கனம் இரண்டாவதுக்கு இல்லை என்று சொன்னால், புரியாதவர் பட்டியலில் பெயர் சேர்ந்துவிடும் என்ற பயம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

கேட்டுப் பார்க்க நினைப்பவருக்கு

1. முதல் துண்டில் தொடங்க வேண்டாம். ஐந்து நிமிடம் சொச்சம் ஓடும் ‘ப்ளாக் சாட்டின்’ துண்டில் தொடங்குங்கள். விசிலடிக்கும் மெட்டு ஒன்று இருக்கிறது; கைதட்டல் இருக்கிறது.

2. கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் பேஸ் கேட்காது. பேஸ் இல்லாமல் இந்தத் தட்டு வெறும் தகரச் சத்தம். ஹெட்ஃபோன் அவசியம், லீப்மனுக்குக் கிடைக்காததை நீங்களாவது மாட்டிக்கொள்ளுங்கள்.

3. பிறகு முதல் துண்டுக்குப் போய், முதல் தடவை ஹெண்டர்சனின் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். ட்ரம்பெட்டைத் தேடாதீர்கள். அடுத்த தடவை தபலா, அதற்கடுத்த தடவை கீபோர்டுகள்.

4. மூன்று தடவைக்குப் பிறகும் பிடிக்கவில்லையா? விட்டுவிட்டு ‘ஹெட் ஹன்டர்ஸ்’ போடுங்கள். பிடித்திருந்தால் மட்டும் இரண்டாம் பக்கத்துக்குப் போங்கள், அதுவும் அன்றைக்கே வேண்டாம்.